ரெண்டே ரெண்டு மீனா?

கடல்மீன் தொட்டியில் அளவுக்கு மீறி மீன் சேர்வதற்கு ஆசைதான் காரணம் என்பார்கள். என் விஷயத்தில் காரணம் கூச்சம்.

சுந்தரபாண்டியத்தில் எங்களுக்குத் தறித்தொழில். வீட்டு முன்கட்டில் ஆள் ஓயாது. பாவு கொண்டுபோக வருவார்கள், நெய்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்க வருவார்கள், ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்து பேசவும் வருவார்கள். அந்த முன்கட்டில்தான் தொட்டியை வைத்தேன். இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரம். தூத்துக்குடிக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அதனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி, மீன்தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கை ஒட்டிக் கரைத்து, ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரைப் பழகவிட்டு, இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். 2003இல் வந்த படத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை நீமோ என்றே சொல்கிறார்கள்.

வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய தொட்டில ரெண்டே ரெண்டு மீனா?" பெரியம்மா கேட்டாள், மதினி கேட்டாள், கூலி வாங்க வந்தவர் தயங்கித் தயங்கி அவரும் கேட்டார். எங்கள் பக்கம் பந்தியில் இலை தெரியப் பரிமாறினால் அது பரிமாறலே இல்லை. கண்ணாடிக்குள் வெறும் தண்ணீர் தெரியத் தெரிய எனக்கும் அப்படித்தான் உறுத்தியது.

நூல் விஷயமாக மதுரைக்குப் போகும்போதெல்லாம் காற்றடைத்த பிளாஸ்டிக் பை ஒன்று என்னோடு பஸ் ஏறத் தொடங்கியது. முதலில் இன்னும் இரண்டு கோமாளி. பிறகு நீல டாம்சல் ஒன்று. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த டாமினோ ஒன்று. கடைசியாக நீல டாங். விரல் நீளம்தான் இருந்தது. அந்த வகை வளர்ந்தால் ஓரடி வரும், பாறைத்திட்டுகளில் நாளெல்லாம் நீந்தித் திரிகிற சாதி. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "சின்னதுதானண்ணே" என்று மட்டும் சொன்னார்.

கணக்கை நான் ஒழுங்காகப் போட்டதே பின்னால்தான். தொட்டியின் வெளியளவுக்கு 88 லிட்டர் வரும். விளிம்புக்குக் கீழே விட்ட இடம், மணல், கல் எல்லாம் போக 65 லிட்டர் தேறினால் அதிகம். அந்தத் தண்ணீரும் நன்னீர் மாதிரி கிடையாது. 25 டிகிரி சூட்டில் நன்னீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். கடல்நீரில் அது 6.8தான். சூடு ஏற ஏற இன்னும் குறையும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் 25 டிகிரிக்கு எங்கே போவது?

அடுத்தது அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது. நன்னீர்த் தொட்டியில் பி.எச். 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. கடல்நீருக்கு பி.எச். 8.2 வேண்டும். 30 டிகிரியில் அங்கே பத்தில் ஒரு பங்கை ஒட்டி விஷமாக நிற்கும். கோல்டு மீன் வளர்த்த பழக்கத்தில் கடல்மீனை எடை போட்டால் தப்பாகப் போவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன் என்று வாய்பாடு தரும். அதை நம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த வாய்பாட்டுக்குப் பின்னால் கடலிலிருந்து எடுத்த, பாக்டீரியா நிறைந்த பவளக்கல் கிலோக் கணக்கில் இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தக் கல்லில் குடியிருக்கும் கூட்டம். நம் நாட்டில் அந்தக் கல்லைத் தொட முடியாது. பவளங்களை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. ஆனால் செராமிக் கல்லை வைத்துத் தொட்டி நடத்துகிறவன் வாய்பாட்டில் பாதிக்குமேல் போகக்கூடாது. இதை யாரும் அச்சடித்து வைக்கவில்லை.

தண்ணீர் கெடுவதற்கு முன்பே மீன்களுக்குள் கெட்டுவிட்டது. கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது பெண். அதற்கு அடுத்தது ஆண். மற்றவை எல்லாம் வளராமல் காத்திருக்கும் எடுபிடிகள். கடலில் என்றால் விலகிப் போக இடம் இருக்கும், இரண்டரை அடியில் எங்கே போகும்? பின்னால் வந்த இரண்டும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னே, மேல் மூலையில், தலையைச் சற்றுத் தூக்கினாற்போல அசையாமல் நின்றன. வால் ஓரம் நைந்த துணி மாதிரி பிரிந்திருந்தது. தீனி போட்டால் வரும், டாமினோ ஒரு எட்டு வைத்ததும் திரும்பிப் போகும். மதினி அதைப் பார்த்து, "அதுக ரெண்டும் எப்பவும் சோடியாவே நிக்குது பாருங்க, எம்புட்டுப் பாசம்" என்றாள்.

ஆடிக் காற்று வந்தது. மலையடிவார ஊர்களில் அது எப்படி அடிக்கும் என்பது ராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளில் விரற்கடைத் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் உள்ளேயே நிற்கும். அதை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதைச் சரியாகவே செய்துவந்தேன். ஒரு ராத்திரி எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது, மோட்டார் நின்றது. ஏழு மீன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சொம்பில் மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து ஊற்றி, மறுபடி மொண்டு ஊற்றினேன். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும். கை ஓய்ந்து எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. முதலில் போனது டாங். அதற்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். மூலையில் நின்ற இரண்டு கோமாளிகளும் போயின. டாம்சல் சாதி அழுத்தமானது, டாமினோவும் நீலமும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றின. அவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன், காசு கேட்கவில்லை.

மிச்சமிருந்த பழைய சோடியை அதன்பிறகுதான் கவனித்தேன் என்று சொல்ல வேண்டும். பெண் அருகில் வந்தால் ஆண் உடம்பைச் சிலிர்த்துக் காட்டும், அடங்கிப்போகிறேன் என்கிற மாதிரி. பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். பிறகு ஒருநாள் இரண்டும் சேர்ந்து செராமிக் கல்லின் ஒரு பக்கத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன, ஆரஞ்சு நிறத்தில் முட்டை ஒட்டியிருந்தது. ஆண் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்துக்குமேல் ஆனபின், விளக்கணைத்த ராத்திரியில் பொரித்தன. ஒன்றும் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் உயிரிகளை வளர்த்துத் தீனியாகக் கொடுத்தால்தான் குஞ்சு நிற்கும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையத்திலும் அந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கோமாளி வாங்குவதென்றால் அப்படிப் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குவது மேல். நீல டாங் பெரும்பாலும் கடலிலிருந்து பிடித்து வருவதுதான்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவுக்காரப் பையன் ஒருவன் ஓரடிக்கு ஓரடித் தொட்டி ஒன்றை வாங்கிவிட்டு வந்து, "எத்தனை விடலாம் மாமா?" என்றான். சின்னக் கோபி மீன் ஒன்று, கூட ஒரு இறால், அவ்வளவுதான் என்றேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டான். "ஒண்ணு மட்டும்னா வீட்ல சிரிப்பாங்க மாமா." அவன் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த மாதம் போய்ப் பார்த்தேன், நாலு விட்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு மீனை எங்கே கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தேன்.