ஊர் வாயில் ஏறும் பாட்டு

கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' அச்சேறியதில் காரைக்காலுக்குப் பங்கு உண்டு. அப்போது ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த சிசே என்பவர் பாரதியாரின் பாட்டில் மனம் பறிகொடுத்தார். புத்தகமாக வெளிவர அவரே துணை நின்றார். 1860-களின் தொடக்கம் அது. அதற்குள்ளேயே அந்தப் பாட்டுகள் நாகப்பட்டினம், மாயூரம் வட்டாரங்களில் வாய்க்கு வாய் பரவியிருந்தன.

பாரதியார் எந்த அரண்மனையிலும் சம்பளம் வாங்கிய வித்துவான் அல்லர். நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்தவர், மணம் செய்துகொள்ளாதவர், ஆனதாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் காலம் கழித்தவர். பாட்டு கட்டியதும் அவர்தான், மெட்டுப் போட்டதும் அவர்தான், சபை நடுவே நின்று கதை சொல்லிப் பாடியதும் அவர்தான். தானே எழுதி, தானே பாடி, தானே ஊருக்குக் கொண்டுபோவதைத்தான் இன்று சுயாதீன இசை என்கிறோம்.

உ.வே.சாமிநாதையர் பதிந்து வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதியார். பாட்டுகளில் இருந்த இலக்கண வழுக்கள் பிள்ளையவர்களுக்கு உறுத்தின. மறுக்கவும் மனம் வரவில்லை, எழுதவும் மனம் வரவில்லை, நாள் கடத்தினார். பாரதியார் அலுக்காமல் போய்ப் போய் வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலில் உறங்கிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம் பாட்டைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். அது காதில் விழுந்து கண்விழித்த பிள்ளையவர்கள் அப்படியே உருகிப்போனார். சிறப்புப்பாயிரம் கிடைத்துவிட்டது. ஏட்டில் பார்க்கும்போது கண்ணை உறுத்திய பிழைகள், பாடக் கேட்டபோது பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டில் பதிந்த பாட்டுக்கு இன்று வருகிற முதல் குறையும் கிட்டத்தட்ட இதே வகைதான். 'வரி நல்லாருக்கு, குரலும் நல்லாருக்கு, ஆனா சவுண்டு ஸ்டூடியோ மாதிரி இல்லையே' என்பார்கள்.

பூவம் போன்ற ஊரில் அந்தச் சவுண்டை வரவழைப்பது லேசான காரியம் இல்லை. பொறையாறைக் கடந்து தெற்கே வந்து, நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் மாவட்டம் தொடங்குகிறது. அந்த எல்லையில் இருக்கிறது பூவம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியும் பேருந்தும் ஓயாமல் போகின்றன. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். சாயங்காலமானால் கடற்காற்று ஜன்னல் கதவைத் தட்டும். ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே ஆரம்பித்துவிடும். ஆகவே இங்கே பாட்டுப் பதிகிறவருக்கு வாய்ப்பது நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் சில மணி நேரம்தான்.

அந்த நேரத்தில் அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதன் உறுமலை மைக் விடாமல் பிடித்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸர் சத்தம் அடுத்த அறையிலிருந்தும் எட்டும். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. அதனால் துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்து, முதுகுப் பக்கம் கொடியில் போர்வையைத் தொங்கவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நின்று பாடுவார்கள். பஞ்சும் துணியும் எதிரொலியை விழுங்கிவிடும். மே மாதப் புழுக்கத்தில் ஒரு சரணம் முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும்.

காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் தம்பூரா செயலியின் சுருதி. கம்பியில்லாத ஹெட்ஃபோன் என்றால் ஒலி கொஞ்சம் பிந்தி வந்து தாளத்தைக் குழப்பும் என்பதால் கம்பி வைத்தது. பாடத் தொடங்குமுன் ஒரு கைதட்டு. குரலையும் கிட்டாரையும் பின்னால் கணினியில் சேர்க்கும்போது ஒன்றோடொன்று பொருத்த அந்தத் தட்டுதான் அடையாளம். கிட்டாரின் எஃகுக் கம்பிகளை உப்புக் காற்று அரிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து உறைக்குள் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்ப, சுருதி நிற்காமல் தொல்லை கொடுக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்கும் பலன் உண்டா? உண்டு என்பதற்கு உலகம் அறிந்த சாட்சிகள் இருக்கின்றன. 1982-இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தம் வீட்டிலேயே நான்கு தடக் கேசட் கருவி ஒன்றில் தனியாகப் பாடிப் பதிந்தார். தம் குழுவுக்கு மாதிரியாகக் காட்டத்தான் அது. குழுவோடு ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தபோது அந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். பில்லி ஐலிஷ் 2015-இல் 'ஓஷன் ஐஸ்' பாடலை இணையத்தில் ஏற்றியபோது அவருக்கு வயது 13. அண்ணனுடைய படுக்கையறையில் பதிந்தது அது. 2020-இல் ஐந்து கிராமி விருதுகள் வந்தன. நம் பக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் 'ரோஜா' காலத்திலேயே வேலை செய்தது வீட்டோடு ஒட்டிக் கட்டிய ஸ்டூடியோவில்தான். அன்று அதற்குப் பெரும் பணம் வேண்டியிருந்தது. இன்று ஆடாசிட்டி போன்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது.

பதிவது எளிதாகிவிட்டது. ஏற்றுவதும் எளிது. அதற்கு அப்புறம்தான் மனம் சோரும் கட்டம் வருகிறது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர வேண்டும். ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாக ஒலித்த பாட்டுக்கு உரிமத்தொகை கொடுப்பதில்லை. தமிழ்க் காதுகளில் பெரும்பகுதியைச் சினிமாப் பாட்டு பிடித்து வைத்திருக்கும் நாட்டில், கடையிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு இரவில் பாட்டு கட்டும் ஒருவருக்கு இந்த எண்கள் மலையாகத் தெரிவதில் வியப்பில்லை. அறுபது பேர் கேட்டார்கள், எழுபது பேர் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்து எழுதுவதை விட்டுவிட்டவர்கள் நிறைய.

அவர்கள் விட்டிருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான வரவு சேர்வதே இல்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்று அது சொல்லும். எத்தனை பேர் திருப்பிப் பாடினார்கள் என்று சொல்லாது. ஒரு பாட்டை நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு உயிரோடு வைத்திருப்பது இரண்டாவதுதான்.

இந்தக் கடலோரத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பூவத்திலிருந்து சில கிலோமீட்டரில் தில்லையாடி. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் அருணாசலக் கவிராயர். பிழைப்புக்காகக் காரைக்காலில் காசுக்கடை வைத்து நடத்தியவர். கடையைக் கவனித்த நேரம் போக மிச்சத்தைத் தமிழுக்குக் கொடுத்தார். பிறகு சீர்காழியில் குடியேறி 'இராம நாடகக் கீர்த்தனை' எழுதினார். அதற்கு இசை அமைப்பதில் துணை நின்றவர்கள் சட்டநாதபுரத்து வேங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். இருவரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். திருவரங்கத்தில் அரங்கேற்றம் நடந்தது. காலப்போக்கில் பழைய மெட்டுகள் பலவும் மறைந்துபோயின. ஆனால் சொல் அச்சில் நின்றது. 20-ஆம் நூற்றாண்டில் கச்சேரி வித்துவான்கள் அதை எடுத்துப் புது மெட்டில் பாடினார்கள். இன்றும் மேடைகளில் கேட்கிறோம். காசுக்கடைக்காரரின் பாட்டுக்கு இரண்டாம் ஆயுள் கொடுத்தவர்கள் பாடகர்கள்.

இன்னும் பின்னால் போனால் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டுப் பதிகங்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லி முத்திரை வைத்தவர். ஓதுவார்கள் பாடும் ஒவ்வொரு முறையும் பாட்டோடு கூட ஊர்ப் பெயரும் பாடியவர் அடையாளமும் சேர்ந்தே போகின்றன.

நம் காலத்தில் சென்னையின் கபேர் வாசுகியைச் சொல்லலாம். தமிழில் தானே எழுதித் தானே பாடி இணையத்தில் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். எண்ணூர்க் கழிமுகம் அழிவதைப் பற்றி அவர் எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' 2017 பொங்கலன்று வெளிவந்தது. பேச்சுத் தமிழில் எழுதிய அந்தப் பாட்டை ஆனந்தபைரவி தொடங்கிப் பல ராகங்களில் ஆர்.கே.ஸ்ரீராம்குமார் அமைத்துக் கொடுக்க, டி.எம்.கிருஷ்ணா அந்தக் கழிமுகத்திலேயே நின்று பாடினார். அதன் பிறகு கச்சேரி மேடையிலும் பாடினார். தனிப் பாடலாசிரியர் ஒருவருடைய வரி இன்னொருவர் குரலில் ஏறியதும், கேட்டறியாத காதுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. புறம்போக்கு என்பது வேண்டாத நிலம் இல்லை, ஊர்ப் பொது நிலம் என்ற பேச்சும் கூடவே போனது.

ஆகவே வீட்டில் பாட்டுப் பதிகிறவர் முதலில் செய்ய வேண்டியது, மற்றவர் பாடுவதற்கு வழி திறந்து வைப்பது. வரிகளை முழுமையாக, பிழையில்லாமல் பாட்டின் கீழே எழுதிவிட வேண்டும். இன்ன கட்டை, இன்ன ராகம் அல்லது இன்ன கார்டுகள், இன்ன தாளம் என்று குறித்துவிட வேண்டும். குரல் இல்லாத பின்னணி இசையை மட்டும் தனியாக ஏற்றி வைத்தால், பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மாணவி அதை வைத்துப் பாடலாம். சுருதியைப் பெண் குரலுக்கும் ஆண் குரலுக்குமாக இரண்டு வகையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை.

பாட விடுவதால் உரிமை போய்விடாது. இந்தியச் சட்டப்படி எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் என்றில்லை. வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என்று மூன்று தனித்தனியாக இருக்கின்றன. தானே எழுதி, மெட்டமைத்து, சொந்தச் செலவில் பதிந்தவர் கையில் மூன்றும் இருக்கும். வரியும் மெட்டும் ஆயுள் முழுவதற்கும், அதன் பிறகு 60 ஆண்டுக்கும் அவருடையவை. 2012-இல் வந்த சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய உரிமத்தொகையை உறுதி செய்தது. அதை வசூலித்துத் தருவதற்கு 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு இருக்கிறது. யாராவது ஒரே கையெழுத்தில் மூன்றையும் கேட்டால், உடனே போட்டுவிடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும்.

பாடுவதற்குப் பொருள் தேடிப் பூவத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. காரைக்கால் கடலோரத்தில் வலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் பாடிய அம்பாப் பாட்டுகள் இருந்தன. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இழுப்புக்கும் மூச்சுக்கும் தாளம் அதுதான். கட்டுமரம் போய் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு வந்ததும் துடுப்பு நின்றது, பாட்டும் குறைந்தது. அதைத் தெரிந்த பெரியவர்கள் இந்தக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். கையில் மைக்கும் செயலியும் வைத்திருக்கிற ஒருவர், அவர்களிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து, விருப்பப்பட்டால் பெயரும் சொல்லி ஏற்றலாம். அந்தத் தாளத்திலேயே 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பற்றியும், டீசல் விலையைப் பற்றியும், வெளிநாட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றியும் புதுப் பாட்டு கட்டலாம். கட்டியதைக் காரைக்கால் பண்பலை 100.3-க்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாமான் ஏற்றிப்போகும் ஓட்டுநரும் மீன் விற்கும் அக்காவும் கேட்பது அதைத்தான். இரண்டு தடவை கேட்டுப் பிடித்துவிட்டால் மூன்றாவது தடவை கூடவே பாடுவார்கள்.