சம்பாவாக யார் நடிப்பது?

விண்ணப்பப் படிவத்தில் நாடகத்தின் பெயர், எழுதியவர், நேரம், செலவு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் கொஞ்சம் பெரியது: 'இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்த காரணம்'. அவள் அதில் 'சமூகப் பொருத்தப்பாடு' என்று எழுதியிருந்தாள். முதுகலை நாடகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

துறைத்தலைவர் நாடகத்தின் பெயரைப் படித்ததுமே கண்ணாடியைக் கழற்றினார்.

"சகாராம் பைண்டரா?"

"ஆமா சார். தமிழ்ல மொழிபெயர்த்தும் முடிச்சிட்டேன். உரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"அப்போ பாதிக் கிணறு தாண்டிட்ட" என்று சிரித்தார். பாதிக் கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். "நாடகம் நல்லாருக்குங்கிறது ஒரு காரணமே இல்லம்மா. நீ ஏன் போடணும்? அதை யோசிச்சு கமிட்டிக்கு வா."

விஜய் டெண்டுல்கர் மராத்தியில் எழுதிய நாடகம் இது. பதினான்கு வயதில், 1942 போராட்டக் காலத்தில் படிப்பை விட்டவர் அவர். பிறகு பத்திரிகையாளராக இருந்தார். சகாராம் ஓர் அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்பவன். கல்யாணத்தில் நம்பிக்கையில்லாதவன். புருஷன் கைவிட்ட பெண்களை வீட்டுக்குக் கூட்டி வருவான். சோறு, துணி, தங்க இடம் தருவான். பதிலுக்கு அவள் மனைவி செய்யும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் போகலாம், பஸ்ஸுக்குக் காசும் தருவான். கேட்டால் நியாயம் போலவே இருக்கும். அதுதான் பயமே.

ஏழாவதாக வருகிறவள் லட்சுமி. பூஜை, விரதம், அடுப்படி என்று இருப்பவள். அடுப்படியில் ஓர் எறும்போடு பேசிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட சகாராம், ராத்திரியில் அவளை எழுப்பி, அதே மாதிரி தனக்காகச் சிரிக்கச் சொல்லி மிரட்டுகிறான். நாடகத்தில் ஒரு கொலை இருக்கிறது. ஆனாலும் படிக்கிறவரைத் தூங்கவிடாதது இந்தச் சிரிப்புதான்.

லட்சுமி போன பிறகு சம்பா வருகிறாள். போலீஸ்கார வேலை போன புருஷனை விட்டு வந்தவள். சகாராமைச் சகித்துக்கொள்ள அவளுக்குக் குடிக்க வேண்டியிருக்கிறது. போன லட்சுமி, மருமகன் முறைக்காரன் வீட்டில் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்தப்பட்டு, திரும்பி வருகிறாள். ஒரே கூரைக்குள் இரண்டு பெண்கள். கடைசியில் லட்சுமி சொல்லும் ஒரு சொல்லால் சகாராம் சம்பாவின் கழுத்தை நெரிக்கிறான். அதன் பிறகு அவன் உறைந்து போய் நிற்க, பக்தி மிகுந்த லட்சுமிதான் பிணத்தைப் புதைக்க வழி சொல்கிறாள்.

1972-இல் மும்பையில் கமலாகர் சாரங் இதை மேடையேற்றினார். சகாராமாக நிலு ஃபுலே, சம்பாவாக லாலன் சாரங். தணிக்கைக் குழு குறுக்கே நின்றது. சாரங் உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். இதையெல்லாம் அவள் தன் விண்ணப்பத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். கருத்துச் சுதந்திரம் என்ற சொல் மட்டும் ஏழெட்டு இடத்தில் வந்தது.

அவளுடைய ஊர் சிவகாசி. அம்மா அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். சீசன் நாள்களில் ஃபாரம் கட்டுகளை வீட்டுக்கே கொண்டு வந்து மடிப்பார். மைதாப் பசையில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். நாடகத்தின் பெயரில் 'பைண்டர்' என்று பார்த்துத்தான் அவள் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். ஆங்கிலத்தில் படித்தபோது சகாராமின் வசவுகள் வெறும் சொற்களாகத்தான் இருந்தன. தமிழில் எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொரு வசவுக்கும் ஒரு குரல் வந்தது. அந்தக் குரல்களுக்குத் தெருவும் கதவு எண்ணும் இருந்தன. மூன்று இடங்களில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கமிட்டியில் ஐந்து பேர். முதல் கேள்வி நிர்வாக அலுவலரிடமிருந்து. "போலீஸ் பர்மிஷன்?"

அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில், 1954-ஆம் ஆண்டின் நாடகச் சட்டப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்ததைச் சொன்னாள்.

"கோர்ட்டு சரிம்மா. நாளைக்கு வாசல்ல பத்து பேர் வந்து நின்னா யார் பேசுவா? ஹரியானாவுல என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

தெரியும். 2016-இல் ஹரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையை நாடகமாக்கிப் போட்டார்கள். வெளியே எதிர்ப்புக் கிளம்பியதும், விசாரணைக்கு நிற்க வேண்டியிருந்தது ஆசிரியர்கள்தான். அலுவலர் கோழை இல்லை. பத்துப் பேர் வந்தால் அவர்தான் முதலில் வாசலுக்குப் போக வேண்டியவர்.

அதுவரை பேசாமல் இருந்த நடிப்புப் பயிற்சி ஆசிரியை அப்போதுதான் கேட்டார்.

"சம்பாவா யாரு நடிக்கிறா?"

வகுப்புத் தோழியின் பெயரைச் சொன்னாள்.

"அவகிட்ட கேட்டியா?"

"சரின்னு சொல்லிருக்கா மேடம்."

"எதுக்குச் சரின்னு சொன்னா? முழு நாடகமும் படிச்சாளா? ரிகர்சல் முடிஞ்சு எத்தனை மணிக்கு ஹாஸ்டலுக்குப் போவா? கழுத்துல கை வைக்கிறவன் யாரு? அவ குடிச்சிட்டுத் தள்ளாடுற இருபது செகண்டை மட்டும் ஒருத்தன் மொபைல்ல எடுத்து விட்டான்னா, அது எந்த நாடகம், யார் எழுதினதுன்னு அவ ஊர்ல யாராவது கேப்பாங்களா?"

பதில் இல்லை. இரண்டு பக்கக் கருத்துச் சுதந்திரத்தில் அந்தத் தோழியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. லாலன் சாரங்கின் காலத்தில் பார்வையாளர்கள் கையில் கேமரா இல்லை.

அன்று இரவே தோழியிடம் முழுப் பிரதியைக் கொடுத்தாள். மறுநாள் காலை திரும்பி வந்தது. "ஆசையாத்தான் இருக்குப்பா. ஆனா எங்கண்ணன் கண்ணுல பட்டா படிப்பையே நிறுத்திருவான். கோச்சுக்காத." கோபித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், அம்மா ஃபாரம் மடித்துக்கொண்டிருந்தபோது நாடகத்தை வாசித்துக் காட்டினாள். வசவு வரும் இடங்களில் குரல் தானாகத் தாழ்ந்தது. அம்மாவின் கை நிற்கவே இல்லை. கேட்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. கடைசிக் காட்சி முடிந்ததும் சம்பாவுக்காக அம்மா கலங்குவார் என்று எதிர்பார்த்தாள்.

"போறதுக்கு ஒரு இடம் இருந்தா அந்த லட்சுமி எதுக்குப் பாப்பா குழி தோண்டப் போறா?" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு கட்டை எடுத்துக்கொண்டே, "உங்க சித்தி இந்த வீட்ல ஒரு நாளாச்சும் என்னைய முடியாதுன்னு சொல்லிருக்காளா?" என்றார்.

புருஷன் வேறொருத்தியோடு போய்விட, ஒரு தகரப் பெட்டியோடு வந்த சித்தி பதினான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதும் இல்லை. சித்தி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா இப்படி ஒரு நாளும் பேசியதில்லை.

ஊரிலிருந்து திரும்பியவள் இரண்டாவது விண்ணப்பத்தை எழுதினாள். கருத்துச் சுதந்திரம் ஒரே வரியில் முடிந்தது. மீதியெல்லாம் ஏற்பாடுகள். பெரிய ஆடிட்டோரியம் வேண்டாம். துறையின் சிறிய அரங்கு, அறுபது இருக்கை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மேடையில் அடிதடியும் கொலையும் உண்டு என்று வாசலில் பலகை. மொபைல்களை வாங்கித் துணிப்பையில் போட்டு டோக்கன். நடுவில் எழுந்து போக விரும்புகிறவருக்காக ஒரு கதவு பூட்டாமல் இருக்கும். ஒத்திகை ஏழரைக்கு மேல் போகாது. கழுத்தை நெரிக்கும் காட்சியில் பிடி முழுவதும் நடிகையின் கையில். அவள்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பாள்; பார்ப்பவருக்கு அவள் விடுபடத் துடிப்பதுபோல் தெரியும். இரண்டு முறை தட்டினால் காட்சி அங்கேயே நிற்கும்.

சம்பாவாக நடிக்க, துறையின் ஆய்வு மாணவி ஒருவர் தானாக வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், ஒரு குழந்தைக்குத் தாய். அவளுக்குச் சம்பா என்றால் இருபது வயது என்று மனதில் பதிந்திருந்ததால் இவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. "நான் பண்றேன். ஆனா அந்தப் பாட்டில்ல என்ன ஊத்தணும்கிறதை நான்தான் முடிவு பண்ணுவேன். போன நாடகத்துல குளிர்பானம் ஊத்தி ஏப்பமா வந்துச்சு." கடைசியில் கட்டன் டீ என்று முடிவானது.

இரண்டாவது கமிட்டியில் அலுவலர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சகாராமின் நண்பன் தாவூதின் பெயரை மாற்றிவிட வேண்டும். வீண் வம்பு எதற்கு?

மற்ற எல்லாவற்றிலும் இறங்கி வந்தவள் இதில் மட்டும் நின்றாள். பிள்ளையாருக்கு ஆரத்தி எடுக்கும்போது தாவூதும் சேர்ந்து பாடக் கூடாது என்கிறாள் நல்லவளான லட்சுமி. அவனுக்காக எழுந்து நிற்பவன், பெண்களை அடிக்கும் சகாராம். அதே காட்சியில் அதற்காகவே அவளை அடிக்கவும் செய்கிறான். "பேரை மாத்திட்டா, யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு ஜனங்க நிம்மதியா முடிவு பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க சார்" என்றாள். அலுவலர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் படிவத்தைப் புரட்டிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். 'சமூகப் பொருத்தப்பாடு' அடிக்கப்பட்டிருந்தது. 'என் சித்தி' என்று மட்டும் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு காட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. தாவூத், தாவூதாகவே இருக்கிறான்.

போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு பார்சல். பைண்டிங் ஊசி, நூல்கண்டு, காலிக்கோ துணி, மடித்த ஃபாரம் நான்கு கட்டு. சகாராமின் வீட்டு மூலையில் வைப்பதற்கு. பார்சல் வந்ததைச் சொல்ல அவள் போன் செய்தபோது அம்மா கேட்டார்.

"அந்தக் கடைசி சீன்ல லைட்டை அணைச்சிருவீங்களா பாப்பா?"

"இல்லம்மா. எரியும்."

"சரி. நான் பின்னாடி, அந்தக் கதவு பக்கமா உக்காந்துக்கிறேன்."