சூரிச் பிள்ளைகளின் துப்பாக்கித் திருவிழா: முதலில் காது, அப்புறம்தான் குறி!

சுவிட்சர்லாந்தின் சூரிச் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 13-ம் எண் டிராமில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தால் போதும். ஊட்லிபெர்க் மலையின் அடிவாரத்தில் அல்பிஸ்கூட்லி வந்துவிடும். மற்ற நாள்களில் அமைதியான புறநகர்ப் பகுதி. செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் மட்டும் இந்த இடம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ராட்டினங்கள், மிட்டாய்க் கடைகள், வறுத்த பாதாம் வாசனை, தொத்திறைச்சி சுடும் புகை என நம் ஊர்த் திருவிழா பொருட்காட்சி போலவே கூட்டம் அலைமோதும். அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு இன்னொரு சத்தம் விடாமல் கேட்கும். துப்பாக்கிச் சத்தம்!

பயப்பட வேண்டாம். சுடுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

'க்னாபன்ஷீசன்' என்பது இந்த விழாவின் பெயர். 'சிறுவர்களின் துப்பாக்கி சுடுதல்' என்று அர்த்தம். சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் நடக்கும். வேர் 17-ம் நூற்றாண்டு வரை போகிறது. நகரத்துப் பையன்கள் ஆயுதப் பயிற்சி எடுத்த காலத்தின் மிச்சம் இது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். பெயரில் 'சிறுவர்' என்று இருந்தாலும், 1991 முதல் சிறுமிகளும் சுடுகிறார்கள். 1997-ல் முதன்முறையாக ஒரு சிறுமி பட்டம் வென்றாள். திங்கட்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை. கடைகளும் அலுவலகங்களும் பல, மதியத்தோடு கதவைச் சாத்திவிடும். சூரிச்சில் கணிசமாக வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அன்று கொண்டாட்டம்தான்.

ஐந்து குண்டு, 35 புள்ளி

போட்டி எளிமையானது. தரையில் படுத்த நிலையில், 300 மீட்டர் தள்ளியிருக்கும் பலகையைக் குறிபார்த்து ஐந்து முறை சுட வேண்டும். அதிகபட்சம் 35 புள்ளிகள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் முதலிடத்துக்கு வந்தால், திங்கட்கிழமை அவர்களுக்குள் தனிச்சுற்று.

பிள்ளைகள் கையில் இருப்பது விளையாட்டுத் துப்பாக்கி அல்ல. சுவிஸ் ராணுவ வீரர்கள் பயன்படுத்தும் அதே 'ஸ்டர்ம்கெவேர் 90' ரைபிள். கட்டாய ராணுவ சேவை உள்ள நாடு இது. கிராமத்துக்குக் கிராமம் 300 மீட்டர் சுடுதளம் இருப்பதும், ஞாயிறு காலையில் பெரியவர்கள் பயிற்சிக்குப் போவதும் இங்கே வழக்கமான காட்சி.

ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் அனுபவமுள்ள ஒரு பெரியவர் இருப்பார். துப்பாக்கியை எப்படித் தோளில் பொருத்துவது, மூச்சை எப்படிப் பிடிப்பது, விசையை எப்படி மெதுவாக அழுத்துவது என எல்லாம் சொல்லிக்கொடுப்பார். ஆனால், அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காது இரண்டையும் மூட வேண்டும்.

அந்தக் காதுமூடிக்கு சுவிட்சர்லாந்தில் 'பாமிர்' என்று பெயர். உண்மையில் அது ஒரு பிராண்டின் பெயர். ராணுவத்தில் எல்லோர் தலையிலும் அதுவே இருந்ததால், நம் ஊரில் நகலெடுப்பதை 'ஜெராக்ஸ்' என்பதுபோல, அங்கே காதுமூடி என்றாலே பாமிர் என்றாகிவிட்டது.

ஒரு நொடிகூட இல்லை... ஆனாலும் ஆபத்து

சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். தொழிற்சாலையில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்கு 85 டெசிபல் வந்துவிட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள அளவுகோல். ரைபிள் வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே எழும் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். பெரும்பாலும் 150, 160 என்று போகும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. அதனால் 160 என்பது 80-ஐப்போல இரண்டு மடங்கு அல்ல, பத்துக் கோடி மடங்கு!

'அதெல்லாம் கண் சிமிட்டும் நேரம்தானே' என்று தோன்றலாம். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதில் உள்ள சின்னஞ்சிறு தசை ஒன்று இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். அது இயற்கை தந்த பாதுகாப்பு. ஆனால், அந்தத் தசை விழித்துக்கொள்வதற்குள் துப்பாக்கிச் சத்தம் உள்ளே போய் வேலையை முடித்திருக்கும்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய முடி செல்கள். சத்தத்தை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை அவைதான். கோழிக்கு இந்த செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. பிறக்கும்போது கிடைத்ததை வைத்துத்தான் கடைசி வரை ஓட்ட வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு இன்னும் அறுபது, எழுபது வருடங்கள் பாக்கியிருக்கின்றன.

முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். குருவிச் சத்தம் குறையும். 'ச', 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகள் தெளிவில்லாமல் போகும். 'பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை' என்பார்கள். கூடவே காதுக்குள் 'ஙொய்ய்ய்' என்ற இரைச்சல் நிரந்தரமாகக் குடியேறலாம். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு அது இன்னும் பெரிதாகக் கேட்கும்.

வலது தோளில் ரைபிளை வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காதுதான் பெரும்பாலும் அதிகம் பாதிக்கப்படும். துப்பாக்கிக் குழலின் வாய்ப்பக்கம் திரும்பியிருப்பது இடது காது. வலது காதைத் தலையும் தோளும் கொஞ்சம் மறைத்துவிடுகின்றன.

எதை வாங்குவது?

துப்பாக்கிச் சத்தத்துக்கு உதவும் காதுக் கவசங்கள் மூன்று வகை.

முதலாவது, காதுக்குள் செருகும் ஃபோம் இயர் பிளக். விலை மிகக் குறைவு. சரியாகப் போட்டால் தடுப்புத் திறன் அதிகம். அந்த 'சரியாக' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விரல்களால் உருட்டி ஒல்லியாக்க வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதிப் பயன்கூட இல்லை. சிறு பிள்ளைகளின் காதுத் துளை சின்னது என்பதால் பெரியவர்களுக்கான பிளக் அவர்களுக்கு ஒழுங்காகப் பொருந்தாது.

இரண்டாவது, பாமிர் போல வெளியிலிருந்து மூடும் இயர்மஃப். மாட்டுவது சுலபம். சரியாக மாட்டியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு இதுதான் வசதி. ஆனால், தலை அளவுக்கு ஏற்ற பட்டை வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, முடி, தொப்பி ஆகியவை இடையில் சிக்கினால் சின்ன இடைவெளி விழும். அதன் வழியே சத்தம் புகும். கண்ணாடி போடுபவர்களுக்கு மெல்லிய காம்பு நல்லது. தடிமனான மஃப்பில் இன்னொரு சிக்கல்: துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைக்கும்போது அது இடித்து விலகிவிடும். அதனால் ரைபிள் சுடுபவர்கள் கீழ்ப்பகுதி ஒல்லியான மஃப்பைப் பார்த்து வாங்குவார்கள்.

மூன்றாவது, எலெக்ட்ரானிக் இயர்மஃப். வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். பயிற்சியாளர் பேசுவது நன்றாகக் கேட்கும். வெடிச்சத்தம் வந்த கணத்தில் உள்ளே ஒலிபரப்புவதைக் கட்டுப்படுத்திவிடும். விலை கூடுதல், பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண மஃப்பாக வேலை செய்யும்.

வாங்கும்போது அட்டையில் ஓர் எண் இருக்கும். ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர்., அமெரிக்காவில் என்.ஆர்.ஆர். என்பார்கள். எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கான ஆய்வகக் கணக்கு அது. இரண்டும் வேறு வேறு முறையில் அளக்கப்படுவதால் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. நம் தலையில் மாட்டும்போது அந்த முழுப் பலன் கிடைப்பதும் அரிது. காதில் பொருந்தாத 35-ஐ விட, கச்சிதமாகப் பொருந்திய 27 மேல்!

சுவர்களுக்குள் இருக்கும் சுடுதளம், பெரிய ரக ரைபிள், குழல் முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் 'மசில் பிரேக்' பொருத்திய துப்பாக்கி என்றால் பிளக், மஃப் இரண்டையும் சேர்த்துப் போடுவதே சரி. 30-ம் 30-ம் சேர்ந்து 60 ஆகிவிடாது. அதிக எண் உள்ளதோடு சுமார் 5 டெசிபல் கூடும், அவ்வளவுதான். மண்டையோடு வழியாகவும் சத்தம் உள்காதுக்குப் போவதால் அதற்கு மேல் தடுக்க முடியாது. ஆனால், அந்த 5 டெசிபலே சத்தத்தின் ஆற்றலை மூன்றில் ஒரு பங்காக்கிவிடும்.

பஞ்சு? மறந்துவிடுங்கள். வெடிச்சத்தத்துக்கு அது கவசமே அல்ல.

மலையில் வேறு கதை

சூரிச்சிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் கூர் நகரம். கிராபுண்டன் மாநிலத்தின் தலைநகர். அங்கே செப்டம்பர் என்றால் வேட்டை மாதம். உரிமம் பெற்றவர்கள் மலைச்சரிவுகளில் செம்மானையும், 'கெம்ஸ்' எனப்படும் மலையாட்டையும் தேடிப் போவார்கள். சுவிட்சர்லாந்தில் வேட்டைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் தங்கள் குறி தப்பவில்லை என்று சுட்டு நிரூபித்தாக வேண்டும்.

சுடுதளத்தில் காதை மூடுவது சுலபம். மலையில் அப்படி முடியாது. சருகு மிதிபடும் சத்தம், கல் உருளும் சத்தம், கூட வந்தவரின் மெல்லிய குரல் எல்லாம் கேட்டாக வேண்டும். 'நாள் முழுக்க ஒரே ஒரு குண்டு, அதற்கு எதற்கு காதுமூடி' என்ற எண்ணம் உலகம் முழுக்க வேட்டைக்காரர்களிடம் உண்டு. ஆனால், பாதுகாப்பில்லாத காதுக்கு அந்த ஒரே குண்டு போதும்.

எலெக்ட்ரானிக் மஃப் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மெல்லிய சத்தத்தை அது பெரிதாக்கியும் கொடுக்கும். காதுக்குள் செருகும் எலெக்ட்ரானிக் பிளக்கும் உண்டு. தொப்பி, மழைக்கோட்டுக்கு இடைஞ்சல் இல்லை. பேட்டரி வேண்டாம் என்பவர்களுக்கு, சிறு துளை வழியே பேச்சை விட்டு வெடிச்சத்தத்தைத் தடுக்கும் பிளக்குகள் இருக்கின்றன. எதுவும் இல்லையென்றால் கழுத்தில் ஒரு சாதாரண மஃப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுடுவதற்கு முன் மாட்டிக்கொள்ளலாம். பையின் அடியில் கிடக்கும் விலையுயர்ந்த மஃப்பால் ஒரு பயனும் இல்லை.

வேடிக்கை பார்ப்பவருக்கும்தான்

அல்பிஸ்கூட்லி போன்ற இடங்களுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. சுடுபவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் அப்பா, வீடியோ எடுக்கும் அம்மா, தோளில் இருக்கும் தம்பிப் பாப்பா எல்லோர் காதுக்கும் அதே சத்தம்தான். பக்கத்துத் தடத்தில் சுடுபவரின் துப்பாக்கி நம் காதை நோக்கிப் பக்கவாட்டில் வெடிக்கிறது. அதனால் சுடுதளத்துக்குள் நுழையும் முன்பே காதை மூடி, வெளியே வந்த பிறகே கழற்ற வேண்டும். 'ஒரு நிமிஷம்' என்று நடுவில் கழற்றிப் பேசும் அந்த ஒரு நிமிடத்தில்தான் யாராவது சுடுவார்கள்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டதால், பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால், ரைபிள் கிளப்புகளுக்குப் போகும் மாணவர்களும், என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் சுடும் பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தச் சின்ன ரைபிளுக்கும் கவசம் வேண்டும். முகாமுக்குக் கிளம்பும் பையில் சோப்பு, சீப்போடு ஒரு ஜோடி இயர் பிளக்கையும் போட்டு, செருகும் முறையை வீட்டிலேயே இரண்டு முறை பழக்கிவிடலாம்.

துப்பாக்கியே பார்க்காத வீட்டுக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் பட்டாசு 4 மீட்டர் தூரத்தில் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது விதிக்கு உட்பட்ட வெடிகூட ரைபிள் சத்தத்துக்குப் பக்கத்தில் வரலாம். கோயில் திருவிழாவின் அதிர்வேட்டு வெடிக்கும் இடத்தில் கைக்குழந்தையோடு நிற்பவர்கள் யோசிக்க வேண்டும். முதல் பாதுகாப்பு தூரம். அதற்கு அடுத்ததுதான் காதுமூடி.

சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தாற்போல இருந்தாலோ, உள்ளே மணியடித்தாலோ, 'இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடக் கூடாது. காது தாங்க முடியாமல் போனதற்கான அறிகுறி அது. ஒரு நாளைக்குள் சரியாகாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். கேட்பதே திடீரென்று குறைந்தால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தாமதமானால் சிகிச்சையின் பலன் குறையும். வழக்கமாகச் சுடுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

குறி தப்பினால் அடுத்த செப்டம்பரில் மறுபடி முயன்று பார்க்கலாம். காதுக்கு அந்த வாய்ப்பு இல்லை.