தொட்டியில் எத்தனை மீன்?



கோயில் மண்டபத்தில் உணவருந்தும்போது இரத்த அழுத்தம், நீரிழிவு பற்றி என்னிடம் கேட்பவர்கள் பலர். அண்மைக் காலமாகச் சிலர் மீன் தொட்டி பற்றியும் கேட்கிறார்கள். "எத்தனை மீன் விடலாம், டொக்டர்?" என்பதே முதற் கேள்வி. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தொட்டி என் தாயாருக்காக வாங்கியது. அவருக்கு வயது 82. நாங்கள் வேலைக்குப் போனபின், இலண்டன் மாரிகாலத்தில் அவருக்குத் துணை யன்னல் ஒன்றுதான். தொட்டி வரப்போகிறது என்றதும், "தம்பி, ஒன்பது மீன் விட்டால் வீட்டுக்கு நல்லதெண்டு சொல்லுகினம். எட்டுத் தங்கமீன், ஒண்டு கறுப்பு" என்றார். இது நமது சாஸ்திரமன்று. சீனரின் பெங் சுயி நம்பிக்கை. ஆயினும் என் தயக்கம் வேறு. கிழமைக்கு ஒரு மீன் செத்து மிதந்தால், அதைத் தனியே இருந்து பார்க்கப் போகிறவர் அவரல்லவா?

மீன்கள் சாவது பெரும்பாலும் தம் கழிவினாலேயே. நம் உடலில் உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மீனோ அமோனியாவைச் செவுள் வழியே நேராக நீரில் விடுகிறது. வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதற்குள் மீன்களை நிறைத்தால் நைத்திரைற்று இரத்தத்தில் ஏறி, ஈமோகுளோபினைப் பிராணவாயு சுமக்கவிடாமல் செய்துவிடும். நீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இலண்டன் குழாய்நீர் கடினமானது, காரத்தன்மையுள்ளது. அத்தகைய நீரில் அமோனியாவின் நஞ்சும் கூடுதல்.

ஒரு கலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்று பழைய கணக்கொன்று உண்டு. சிறு மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும், பெரியவற்றுக்குப் பொருந்தாது. நீளம் பத்து மடங்கானால் உடல் ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும். ஆகவே பத்து அங்குல மீன் ஒன்று, ஓர் அங்குல மீன்கள் பத்துக்குச் சமமன்று. கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் தங்கமீன் முக்கால் அடிக்கு மேலும் வளரும். பத்து வருடங்களுக்கு மேலும் வாழும். அம்மா கேட்ட ஒன்பதுக்கும் பல நூறு லீற்றர் நீர் வேண்டும்.

எங்கள் தொட்டி 60 சதமமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம்: 54 லீற்றர். அடியில் இடும் பரல் போக 45 லீற்றர், அதாவது பத்துக் கலன் எனக் கொள்ளலாம். எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டு இனத்தை மாற்றினேன். கப்பி மீன் கடின நீரை விரும்பும். நுளம்புப் புழுக்களைத் தின்னும் என்று இலங்கை நீர்நிலைகளிலும் விடப்பட்ட மீன் அது. ஆண் கப்பி ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆண்களை மட்டுமே வாங்கினேன். பெண் ஒன்று வந்தால் மாதந்தோறும் குஞ்சுகள், கணக்கே தவறிவிடும்.

முதலில் நான்கு விட்டோம். நீரைச் சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று கண்டபின் நான்கு. கடைசியாகக் கறுப்புக் கப்பி ஒன்று. அம்மாவுக்கு ஒன்பது கிடைத்தது. தங்கமீன் இல்லையே என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான். இப்போது காலையில் எண்ணிப் பார்ப்பது அவர் வேலை. ஒன்று மூலையில் ஒதுங்கினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. என் மத்தியான இடைவேளையில் தொலைபேசி வந்துவிடும்.

தொட்டி வாங்க எண்ணும் அன்பர்கள், எத்தனை மீன் என்று கேட்குமுன் அந்த மீன் எவ்வளவு வளரும் என்று கேளுங்கள். சிறிது சிறிதாகச் சேருங்கள். கிழமைதோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள்; புதுநீரில் குளோரீன் நீக்கும் மருந்தை மறவாதீர்கள். உணவைக் குறைத்துப் போடுங்கள். கடைசி ஆலோசனையை நமக்கும் சேர்த்தே சொல்கிறேன்.