அப்பா உட்காராத நாற்காலி

2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறின ராத்திரி, எங்க காலனி மாலைப் பள்ளிக்கூடத்தின் கூரைத் தகடு மூணு பறந்து போச்சு. கொரோனாவில் அரசுப் பள்ளி மூடிக் கிடந்த நேரம். பாடமெல்லாம் செல்போனில் நடக்குது என்றார்கள். எங்க தெருப் பிள்ளைகளுக்குச் செல்போன் ஏது? அந்தப் பத்துக்குப் பன்னெண்டு அறைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

கூரைக்குக் காசு வேணும். புதுச்சேரியில் இருக்கும் தோழிகள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். பழைய மேசை, நாற்காலி, அலமாரி என்று எது கிடைத்தாலும் எடுத்து, பெயிண்ட் அடித்து, படம் வரைந்து அழகு பண்ணுவது. பிறகு ஏலம் விட்டு, வருகிற பணத்தைத் தருமக் காரியத்துக்குக் கொடுப்பது. வசதியானவர்கள் வந்து வாங்குவார்களாம். "உங்க வீட்ல பழைய நாற்காலி ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அதக் கொண்டாங்க. மயிலு, பூவுன்னு போட்டா நல்ல விலைக்குப் போகும்" என்றாள் ஒருத்தி. நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் வாயில் பதில் வரல.

அந்த நாற்காலியின் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார். 1994இல் அங்கே உடைசல் சாமான்களை ஏலம் விட்டார்கள். பிரம்பு பிய்ந்துபோன, கை வைத்த நாற்காலி ஒன்றை அப்பா எடுத்தார். சைக்கிள் கேரியரில் கவிழ்த்துக் கட்டி, ஊர்த்தெரு வழியாக வராமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஆறு வயசு. பிரம்பு இருந்த இடத்தில் பலகை வைத்து ஆணி அடித்தார். சாயங்காலம் வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆண்டை மகன் அறுப்புக்கு ஆள் கூப்பிட வந்தான். அப்பா எழுந்துவிட்டார். அவன் அதட்டல, அடிக்கல. நாற்காலியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "பரவால்லியே, நாக்காலியெல்லாம் வாங்கிட்டியா" என்று சிரித்தான். அவ்வளவுதான். ராத்திரியே நாற்காலி உள்ளே போய்விட்டது. அப்புறம் அதன் மேல் நெல் மூட்டை இருந்தது. கிழிந்த போர்வை இருந்தது. நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் அடுக்கியிருந்தன. அப்பா மட்டும் உட்காரல.

2014இல் அப்பா செத்துப்போனார். குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, வாசலில் அதே நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். இருபது வருசம் கழித்துத் தெருவில் அந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். யார் வந்தாலும் எழுந்திரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி என்பது நாலு கால், ஒரு பலகை. ஆனால் அதற்காக இந்த நாட்டில் உயிர் போயிருக்கிறது. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. தலைவராக வந்த முருகேசனையும் கூட வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை, பத்து வருசம், தலித் தலைவர் ஒருவரை அந்த நாற்காலியில் நிலைத்து உட்கார விடவில்லை. நாங்கள் கூரைக்குக் காசு தேடிய அதே 2020இல், அக்டோபர் மாசம், பக்கத்துக் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவரான தலித் பெண் தரையில்.

இதெல்லாம் மண்டையில் ஓடும்போது அப்பா நாற்காலி மேல் மயில் வரைய எப்படிக் கை வரும்? தருமம் என்ற சொல்லே எனக்குத் தொண்டையில் சிக்கும். பிள்ளைகள் தலைக்கு மேலே கூரை இருப்பது தருமமா, உரிமையா? உரிமைதான். ஆனால் நாம் வாதாடி முடிக்கிற வரைக்கும் மழை காத்திருக்காதே.

பெரியப்பாவிடம் போனேன். நாற்பது வருசமாக வீடுகளுக்கு வெள்ளையும் பெயிண்டும் அடித்தவர். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னத்தையும் சுவரில் எழுதுவார். அடிக்கிற வரைக்கும் எல்லா அறைக்கும் போவார். அடித்து முடித்த வீட்டில் வாசப்படி தாண்டியதில்லை. விசயத்தைச் சொன்னேன். "விக்கிறதா இருந்தா நான் பிரஷ்ஷத் தொட மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொல்லையில முக்காலி ஒண்ணு கெடக்குது. மயில அதுல போடு. காசு முக்காலிக்கும் குடுப்பாங்க" என்றார்.

ரெண்டையும் எடுத்து வைத்துச் சுரண்டினோம். நாற்காலியில் மேலே பச்சை, அதுக்கடியில் சாம்பல், அதுக்கடியில் வார்னிஷ். பெரியப்பா மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். எனக்குத் தோழிகள் முகமூடியும் கையுறையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கும், அந்தத் தூசி உடம்புக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு ரொம்பக் கெடுதல், தண்ணி தொட்டு ஈரமாகத்தான் தேய்க்கணும் என்றும் சொல்லியிருந்தார்கள். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம்ம நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பெரியப்பா சுரண்டிய கதவும் சன்னலும் எத்தனை! நாற்பது வருசத்தில் ஒருத்தரும் இதை அவரிடம் சொன்னதில்லை. ஆசைக்கு அடிக்கிறவளுக்கு முகமூடி, பிழைப்புக்கு அடிக்கிறவருக்கு இருமல். தண்ணி வாளியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு முகமூடியை அவர் காதில் மாட்டினேன். "மூச்சு முட்டுதுடி" என்று திட்டினார். கழட்டல.

மக்கு வைத்து ஓட்டைகளை அடைத்தோம். பிரைமர் ஒரு கோட்டு, நீல எனாமல் ரெண்டு கோட்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி காய விட்டோம். நாற்காலியில் மயில் இல்லை, பூ இல்லை. முதுகுப் பலகைக்குப் பின்னால் வெள்ளையில் அப்பா பேரைப் பெரியப்பா எழுதினார். ஊர் ஊராகச் சின்னம் எழுதின கை. எழுத்தில் பிசிறு இல்லை.

முக்காலி மயிலோடு ஏலத்துக்குப் போனது. நல்ல விலை. மற்றச் சாமான்களில் வந்த காசையும் சேர்த்துப் பங்குனியில் கூரைத் தகடு மாற்றினோம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தத் தோழிகள் பல ஞாயிற்றுக்கிழமை கை வலிக்க உழைத்தார்கள். ஆனால் அங்கே என்னைப் பேசச் சொன்னபோது இதையும் சொன்னேன்: "எங்களுக்குப் பழசு புதுசில்ல. பழைய சோறு, பழைய துணியிலதான் வளந்தோம். அடுத்த தடவ ஏலம் விடும்போது எங்க காலனி சனங்களையும் கூப்பிடுங்க. முன் வரிசையில உக்கார வையுங்க." சிலர் கை தட்டினார்கள். சிலர் காபி குடிக்கப் போனார்கள்.

நாற்காலி மாலைப் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், வாசலில் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னோம். "மாமா நிக்கிறாங்க, நான் எப்பிடி உக்காருவேன்?" என்றாள். பெரியப்பா அப்படியே மண்ணில் குந்திக்கொண்டார். "இப்ப உக்காரும்மா." உட்கார்ந்தாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அதே ஆண்டை மகன். தலை நரைத்துவிட்டது. இப்பவும் ஆள் தேடித்தான் வருகிறான். அம்மாவின் ரெண்டு கையும் நாற்காலிக் கையை அழுத்தின. எழப் போகிறாள்.

"ஏம்மா, எழுந்திரிக்காத! பெயிண்டு காயல. பொடவ ஒட்டிக்கிட்டுக் கிழிஞ்சிடும்" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

அம்மா அப்படியே இருந்தாள். அவன் நாளைக்கு ஆள் வருமா என்று கேட்டான். உட்கார்ந்தபடியே, "கேட்டுச் சொல்றேன்" என்றாள். வண்டி போச்சு.

"அய்யோ, இருக்கறதே ஒரு நல்ல பொடவ மாமா" என்று அம்மா பதறி எழுந்து பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு நீலம் இல்லை. பெயிண்ட் காய்ந்து மூணு நாள் ஆகியிருந்தது.