தை பிறக்கட்டும்!

சென்னையிலிருந்து திருவள்ளூருக்குப் போகிற மின்சார ரயிலும், கும்மிடிப்பூண்டிக்குப் போகிற மின்சார ரயிலும் பேஸின் பிரிட்ஜ் வரையில் ஒன்றாகத்தான் போகின்றன. அப்புறம் பாகப் பிரிவினை ஆன அண்ணன் தம்பிகளைப் போல ஒன்று மேற்கே திரும்பிக்கொள்கிறது. மற்றொன்று வடக்கே போய்விடுகிறது. ஒரே பிரயாணத்தில் இரண்டு ஊரையும் பார்க்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால், "உனக்கென்ன பைத்தியமா?" என்றுதான் கேட்பார்கள். நாங்கள் கிளம்பினோம். காரணம், என் நாத்தனார்.

அக்காவுக்கு மூன்று வேண்டுதல்கள். முழங்கால் வலி தீர வேண்டும். அதற்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். சொந்த வீடு அமைய வேண்டும். அதற்குச் சிறுவாபுரி முருகன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருஷமாகக் காண்டிராக்டு வேலை பார்க்கும் பிள்ளைக்கு உத்தியோகம் நிரந்தரமாக வேண்டும். இதற்கென்று தனியாகத் தெய்வம் அகப்படாததால், பிள்ளையையே நேரில் பார்த்து ஒரு ஜாடி மாவடு கொடுத்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. மூன்று காரியமும் திருவள்ளூர் ஜில்லாவுக்குள்ளேயே முடிகிறது. திங்கட்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வேறு வந்தது. கேட்பானேன்!

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக வாடகை வீட்டு வாசம். பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் ஆறு ஜோடி பித்தளை டபரா டம்ளர், ஒரு வெண்கலப் பானை, பிரிக்காத பட்டுப் பாய் ஒன்று, எல்லாம் செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன. "நமக்கென்று ஒரு வீடு வரட்டும், அங்கே எடுத்துக்கலாம்" என்பாள். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பாள். பதினெட்டுத் தை பிறந்து, வளர்ந்து, மேஜராகிவிட்டது. பெட்டி மட்டும் திறக்கவில்லை.

திருவள்ளூரில் இறங்கியபோது குளக்கரையில் ஜன சமுத்திரம். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்றான இந்த ஸ்தலத்துக்குத் திருஎவ்வுள் என்பது பழைய பெயர். கதை தெரியுமல்லவா? சாலிஹோத்திர மகரிஷி ஒரு வருஷம் உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று மாவு இடித்து, அதிதிக்கு ஒரு பங்கு வைத்துவிட்டுத் தாம் உண்ண உட்கார்ந்தார். ஒரு கிழவர் வந்தார். தம் பங்கையும் சாப்பிட்டார். முனிவர் பங்கையும் சாப்பிட்டார். முனிவர் மறுபடி ஒரு வருஷம் பட்டினி கிடந்தார். அடுத்த தை அமாவாசைக்கும் அதே கிழவர்! உண்ட களைப்பில் "படுக்க எவ்வுள்?" என்று கேட்டாராம். முனிவர் தம் குடிலைக் காட்ட, கிழவர் பெருமாளாகச் சயனித்துக்கொண்டார். இன்றைக்கும் மூலவரின் வலக்கை முனிவரின் தலைமேல் இருக்கிறது.

இந்தப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். குளத்துக்கு ஹ்ருத்தாபநாசினி என்று பெயர். இதயத்தின் தாபத்தை நாசம் செய்வது என்று பொருள். குளத்தில் வெல்லத்தைப் போட்டால் அது கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது ஐதீகம். அக்கா ஒரு கட்டி வெல்லத்தைக் கையில் வைத்துக் கண்ணை மூடினாள். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. முழங்கால் வலி போயிற்றோ இல்லையோ, அந்த முகத்தைப் பார்த்து எனக்கே ஓர் ஆறுதல். டாக்டரிடம் போய்விட்டு வருகிறபோது அந்தத் தெளிவு இருப்பதில்லை.

"இனிமேல் மாத்திரை வேண்டாமென்று நினைக்கிறேன்" என்றாள், படி ஏறிக்கொண்டே.

பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. "ஐயோ, வெல்லத்தைத்தாம்மா கொளத்துல போடணும்! மாத்திரையை வாயில போடு. பெருமாளுக்குக் கோவம் வராது" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தாள். இராத்திரி சத்திரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் படுத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பஸ் ஏறிப் பெரியபாளையத்தில் இறங்கினோம். வேப்பிலையும் மஞ்சளுமாக வீற்றிருக்கும் பவானியம்மனைத் தரிசித்துவிட்டு, வேறு வண்டி பிடித்துச் சிறுவாபுரி போய்ச் சேர்ந்தோம். ராமனோடு லவனும் குசனும் போர் புரிந்த இடமாம். அதனால் சிறுவர் போர் புரி, சிறுவாபுரி ஆயிற்றாம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய ஸ்தலம். ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்தால் சொந்த வீடு நிச்சயம் என்று நம்பி, சென்னையில் வாடகை கொடுத்து அலுத்த ஜனங்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள். தரிசனம் செய்தவர்கள் கற்களைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் குட்டி வீடு கட்டுகிறார்கள். கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண், வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாத இளைஞன் ஒருவன், எல்லாரும் மணல் வீடு கட்டும் குழந்தைகளாகிவிட்டார்கள்.

அக்கா மூன்று மாடி கட்டினாள். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி நிதானமாக இரண்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"இரண்டு எதற்கு அம்மா? வாடகைக்கு விடவா?" என்றேன் விளையாட்டாக.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஒண்டு அங்கை, மன்னாரிலை. மற்றது இஞ்சை. எதைத் தரப் போறான் எண்டு முருகனுக்குத்தான் தெரியும் பிள்ளை. விலாசம் குழம்பக் கூடாதெண்டு இரண்டையும் வைக்கிறன்."

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்திருந்தார். நாங்களும் அந்தப் பக்கந்தான் போகிறோம் என்றதும் ஒரே ஆட்டோவில் ஏறிக்கொண்டோம். கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போக, அவர் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது படகேறி வந்தவர்கள். மண்டபத்தில் பெயர் எழுதி, பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்களாம். பத்தடிக்குப் பத்தடி அறை. "அடுத்த தைப்பொங்கல் ஊரிலைதான்" என்று அன்றிரவே புருஷன் சொன்னாராம்.

"அந்தச் சொல்லு இல்லாட்டில் முதல் வருஷமே செத்திருப்பம். மழை ஒழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும், 'தை பிறக்கட்டும்' எண்டு சொல்லிச் சொல்லித்தான் உயிரை வைச்சிருந்தனாங்கள்."

1992-ல் அரசாங்கம் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது சிலர் போனார்கள். "சண்டை ஓயட்டும்" என்று இவர்கள் நின்றார்கள். 1995-ல் மறுபடி யுத்தம். 2002-ல் போர் நிறுத்தம் என்றதும் மூட்டை கட்டினார்கள், 2006-ல் அவிழ்த்தார்கள். 2009-ல் யுத்தம் முடிந்தது. அதற்குள் புருஷன் போய்விட்டார். முகாமில் பிறந்த மகளுக்கு அந்த ஊர் தெரியாது. இந்த ஊரும் அவளைத் தன் பிரஜை என்று சொல்லவில்லை. இந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 1987 ஜூலை 1 என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் கணக்கும் பார்க்க வேண்டும். மகள் பிறந்தது 1991-ல்.

"இவ்வளவு காலத்திலே ஒரு கட்டில் வாங்கேல்லை. 'போகிறபோது கொண்டு போக ஏலாது' எண்டு அவர் சொல்லுவார். வாசலிலே இரண்டு முழம் மண் இருந்தது. ஒரு செடி வைக்கேல்லை. வைச்சால் இஞ்சையே இருந்திடுவம் எண்டு பயம்."

2012-ல் மகள் கர்ப்பமாக இருந்தாள். உடம்பில் இரத்தம் போதவில்லை. முருங்கைக் கீரை கொடுங்கள் என்று நர்ஸ் அம்மா சொன்னாள். மூதாட்டி கீரை கேட்டு நாலு வீட்டு வாசலில் நின்றாராம்.

"நாலாவது வாசலிலே நிண்டபோதுதான் சுருக்கெண்டது, பிள்ளை. முருங்கை எத்தனை நாளிலே காய்க்கும்? ஒரு வருஷம் வேண்டாம். நான் இருபத்திரண்டு வருஷமாக நாளைக்குப் போகிறன் எண்டு சொல்லி, ஒரு தடியைக்கூட மண்ணிலே ஊண்டேல்லை. அந்த வீட்டிலேயே ஒரு கொம்பு வாங்கிக்கொண்டு போய் அண்டைக்குப் பின்னேரமே நட்டனான்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. மாவடு ஜாடியை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியானால் ஊருக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"விடுகிறதோ! அதுக்குத்தானே இரண்டு வீடு. மரம் நட்டதுக்காக ஊரை மறந்திட்டன் எண்டு நினையாதை. முதல் எல்லாம் அந்த நினைப்பு என்னைக் கட்டிப் போட்டிருந்தது. இப்ப நான் அதைக் கையிலே பிடிச்சுக்கொண்டு நடக்கிறன், அவ்வளவுதான். பேரன் முருங்கைக்காய் எண்டால் உயிரை விடுவான்!"

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, சிதிலமான 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டப்போவதாகவும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உதவித் தொகையை உயர்த்துவதாகவும் அறிவித்தது. வீடு தரலாம், பட்டாவும் பாஸ்போர்ட்டும் வேறு சங்கதி. மூதாட்டி இதையெல்லாம் நம்மைவிடத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார். முகாம் பக்கம் திரும்பும் சாலையில் இறங்கிக்கொண்டு, "அடுத்த முறை வந்தால் காய் தருவன்" என்று கையசைத்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் என்பது வேறு உலகம். இரும்பு உருக்கும் ஆலைகள், புகைபோக்கிகள், சாலையெல்லாம் கரிய தூசு, ஹிந்தியில் பெயர்ப் பலகை எழுதிய கடைகள். பீஹாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் டீக்கடை வாசலில் கைப்பேசியில் தாயாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன? "சீக்கிரம் வந்துவிடுகிறேன் அம்மா" என்பதற்கு எல்லாப் பாஷையிலும் ஒரே முகந்தான்.

ஷிப்டு முடிந்து அக்காவின் பிள்ளை வந்தான். மாவடுவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். "ஏப்ரல் மாதம் பெர்மனென்ட் பண்ணிவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள், அம்மா" என்றான். போன வருஷமும் ஏப்ரல் என்றுதான் சொன்னான். வழக்கமாக இந்த வார்த்தையைக் கேட்டதும் அக்காவுக்கு வீட்டுக் கடன், கிருகப்பிரவேசம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்துவிடும். அன்று அவள், "வேறே எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கிறாயா?" என்றாள்.

"இங்கே விட்டுப் போனால் அஞ்சு வருஷமும் வீணாகிவிடுமே, அம்மா?"

"ஏப்ரல் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதுவரையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் ஒரு மனுப் போட்டு வை. மாவடுவைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாமடா; மாவடுவையே சாப்பாடாக உண்டு பசியாற முடியுமா?"

அவன் திருதிருவென்று விழித்தான். அம்மாவுக்கு என்ன வந்துவிட்டது என்று என்னைப் பார்த்தான். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஸ்டேஷன்கள் ஓடின. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வீட்டுக் கொல்லைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலிஹோத்திர முனிவர் இரண்டு வருஷம் காத்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தையிலும் அவர் மாவு இடிக்கத் தவறவில்லை. வந்தவருக்குப் போடவும் தவறவில்லை. அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு காத்திருந்ததால்தான் அது தவம். இல்லாவிட்டால் வெறும் பட்டினி.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புதுப் பட்டுப் பாய் விரித்திருந்தது. காப்பி பித்தளை டபராவில் வந்தது.

"அடாடா! வீடு முடிவாகிவிட்டதா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அது வருகிறபோது வரட்டும். இன்னும் மூன்று செவ்வாய்க்கிழமை பாக்கி இருக்கிறது; நானும் விடப்போவதில்லை" என்றாள் அக்கா. பிறகு என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்து, "புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன். ஓரத்துக் கறுப்பு போகவே மாட்டேன் என்கிறது. பெட்டிக்குள்ளேயே இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டது. சரி, காப்பி ஆறுகிறது, குடி!" என்றாள்.