உலாவியும் சிறு பலகையும்

ஒரு கருவியைப் பற்றிப் படித்தறிதல் வேறு. அதனைத் தன் கையால் இயக்கியறிதல் வேறு. முன்னதற்கு நூல் போதும்; பின்னதற்குக் கருவியும் அதனை அணுகும் வழியும் வேண்டும். வழியில்லார்க்குக் கருவி கையிலிருந்தும் பயனில்லை. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலோம். உள்ளங்கையளவினதாகிய ஒரு மின்பலகையினிடத்துக் கற்றோம். கற்றதனை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

அப்பலகையின் பெயர் அர்டுயினோ ஊனோ என்பது. இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரத்து வடிவமைப்புக் கழகமொன்றில், மாணவர்க்கு மலிவான கருவி வேண்டுமென்னும் நோக்கத்தால் 2005ஆம் ஆண்டில் மாசிமோ பான்சி முதலிய ஆசிரியரும் மாணவரும் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது அது. அந்நகரத்து மதுச்சாலையொன்றின் பெயரே கருவிக்குப் பெயராயிற்று. அச்சாலையோ 1002ஆம் ஆண்டில் இத்தாலிக்கு அரசனான அர்டுயினோவின் பெயரைத் தாங்கியது. பலகையின் நடுவேயுள்ள மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிப்பது. ஆயினும் நிரலைத் தாங்கும் அதன் நினைவிடம் 32 கிலோபைட் அளவினதே. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமும் அதனுள் அடங்காது.

இத்துணைச் சிறிய பொருளை யாம் விரும்பியதற்குக் காரணம் உண்டு. முதுநகரில் வாழ்வார்க்கு நீர் என்பது வெறும் பாடப்பொருளன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கித் தேவனாம்பட்டினம் முதலிய ஊர்களிற் புகுந்ததை எம் பெற்றோர் கண்டனர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2015ஆம் ஆண்டின் இறுதியிற் பெய்த பெருமழையில் இம்மாவட்டத்தின் ஊர்கள் பல வெள்ளத்தில் நின்றன. உப்பனாற்றங்கரையில் வீடுடையார் மழையிரவுகளில் உறங்காது விளக்கைப் பிடித்து நீர்மட்டம் பார்த்தல் வழக்கம். அவர்கட்கு மாற்றாக விழித்திருந்து, நீர் ஒரு குறியைத் தாண்டியவுடன் ஒலியெழுப்பும் ஒரு சிறு காவலனைச் செய்யவேண்டுமென்பதே எம் எண்ணம்.

பொருள் சேர்த்துப் பலகையும், செவிக்கெட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியால் தொலைவளக்கும் உணர்கருவியும் வாங்கினோம். பின்னரே தடை தோன்றிற்று. பலகைக்கு நிரலேற்ற வேண்டுமெனின் அதற்குரிய மென்பொருளைக் கணினியில் நிறுவவேண்டும் என்றனர். எம்முட் பலர் சிதம்பரம், பரங்கிப்பேட்டை முதலிய இடங்களிலிருந்து நாடோறும் வருவோர்; சொந்தக் கணினி உடையார் இருவரே. பொதுக் கணினிகளிலோ புதிய மென்பொருள் எதனையும் நிறுவுதற்கு இசைவில்லை. அவ்விதியைக் குறைகூறல் தகாது. வருவோர் ஒவ்வொருவரும் தாம் வேண்டியதை நிறுவத் தொடங்கின் கணினி எவர்க்கும் உதவாது போம். எனினும் எம் பலகை பல நாள் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

அந்நிலையில் எமக்குத் துணையாயிற்று உலாவி. இணையப் பக்கங்களைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட அம்மென்பொருள் எல்லாக் கணினிகளிலும் உண்டு. முன்னெல்லாம் அது கணினியில் மாட்டப்பெற்ற சிறு கருவிகளை நேரே தொடமாட்டாது. 2017ஆம் ஆண்டில் குரோம் உலாவி யு.எஸ்.பி. கருவிகளோடு உரையாடும் ஆற்றல் பெற்றது. 2016இல் இங்கிலாந்தின் பள்ளிச் சிறார்க்கு இலவசமாக வழங்கப்பெற்ற மைக்ரோபிட் என்னும் பலகைக்கு இவ்வழியே நிரலேற்றுதல் பின்னர்க் கைகூடிற்று. 2021 மார்ச்சில் அவ்வுலாவி வெப் சீரியல் என்னும் மற்றொரு வாயிலையும் திறந்தது. அவ்வாயிலின் வழியேதான் எம் பலகைக்கு உயிர் வந்தது.

நிகழ்வன யாவை என்று அறிதல் நன்று. முதற்கண் யாம் எழுதும் நிரல் சில்லுக்கு விளங்கும் எண்வடிவாக மாற்றப்படும். சில தளங்களில் இம்மாற்றம் தொலைவிலுள்ள கணினியிலும், சிலவற்றில் உலாவிக்குள்ளேயும் நடைபெறும். பின்பு உலாவி கம்பி வழியே ஒரு மின்குறியை அனுப்பிச் சில்லைத் துயிலெழுப்பும். சில்லினுள் பூட்லோடர் என்னும் குறுநிரல் ஒன்று முன்னரே குடியிருக்கின்றது. அதனைத் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை எனலாம். எழுந்தவுடன் அது, புதிய பாடம் உண்டோ என்று கணப்போது செவிசாய்க்கும். உண்டெனின் 128 பைட் கொண்ட ஏடு ஏடாக வாங்கி எழுதிக்கொள்ளும். எழுதியதனைத் திரும்ப ஒப்புவிக்கவும் வல்லது. இல்லையெனின் பழைய பாடத்தையே தொடங்கிவிடும். இவையாவும் சில வினாடிகளில் முடிகின்றன. ஆகவே இது சிதம்பர இரகசியமன்று. பொறுமையுடையார் எவரும் கற்கலாவது.

ஈண்டு ஐயமொன்று எழலாம். எங்கோ உள்ள இணையப் பக்கம் நம் மேசைமேலுள்ள கருவியைத் தொடுமாயின் அஃது ஆபத்தன்றோ? ஆபத்தே. அதுபற்றியே உலாவி தானாக எதனையும் தொடுவதில்லை. பாதுகாப்பான இணைப்பில் வந்த பக்கமாக இருத்தல் வேண்டும். பயன்படுத்துவோர் தாமே பொத்தானை அழுத்திப் பட்டியலிலிருந்து கருவியைத் தெரிந்து இசைவளித்தல் வேண்டும். வாயிற்கதவு திறப்பது நம் கையாலேயே. அறியாத பக்கத்திற்கு இசைவளித்தல், அறியாதான் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தலோடு ஒக்கும்.

நிற்க. எம் காவலனைத் தொட்டிநீரில் வைத்துச் சோதித்தபோது ஒரு புதுமை கண்டோம். மாதிரி நிரலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று எழுதப்பட்டிருந்தது. அது 20 பாகை வெப்பத்திற்குரிய அளவு. நம் ஊர் நண்பகலில் 35 பாகையெனின் வேகம் ஏறக்குறைய 352 மீட்டராகும். இரண்டு மீட்டர் தொலைவில் இவ்வேறுபாடு 5 சென்டிமீட்டர் பிழையைத் தரும். வெள்ளக்காலத்தில் வாசற்படியோரத்தில் 5 சென்டிமீட்டர் சிறிதன்று. எனவே எண்ணை மாற்றி, ஏற்றி, அளந்து, மீண்டும் மாற்றினோம். பதினாயிரம் முறை எழுதியழித்தாலும் தாங்குமென்று செய்தவரே உறுதி கூறும் நினைவிடமாதலின் தயக்கமில்லை.

இச்சமயத்தில் நம் அண்டையூர் வரலாறொன்று நினைவிற்கு வருகின்றது. தரங்கம்பாடித் திருச்சபைத் தொண்டர்க்கென்று ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் அச்செழுத்துக்கள் 1713இல் கடல் கடந்து வந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கின. பின்னர்ப் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். அயலிடத்திலிருந்து வருவது தொடக்கத்திற்கு உதவும். நம் தாளுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதனைத் திருத்திக்கொள்ளுதல் நம் கடன். ஹாலேயின் எழுத்துக்கும் எம் மாதிரி நிரலுக்கும் இப்பொருத்தம் ஒன்றே.

மற்றொன்றும் கூறுவோம். புயல்வரின் மின்சாரமும் இணையமும் முதலில் மறையும். உலாவியை மட்டும் நம்பினார் அன்று கைபிசைவர். ஆனால் ஒருமுறை ஏற்றிய நிரல் மின்சாரம் அற்றும் பலகையில் அழியாதிருக்கும். மின்கலத்தை இணைத்த அளவில் பலகை தன் காவலைத் தொடங்கும். அது வேலை செய்ய உலாவியும் வேண்டா, இணையமும் வேண்டா. எனினும் நிரலின் படியொன்றை இணையத்தில் மட்டுமன்றித் தம் கைவசமும் வைத்தல் அறிவுடைமை. கம்பியும் நோக்கி வாங்கத்தக்கது. மின்னூட்டுவதற்கு மட்டும் அமைந்த கம்பிகளில் செய்தி செல்லும் இழை இராது, அவற்றால் நிரல் ஏறாது.

எம் காவலன் இன்னும் தொட்டியைக் காத்துவருகின்றதேயன்றி ஆற்றங்கரைக்குச் சென்றிலது. அரசினர் விடுக்கும் எச்சரிக்கைக்கு அது மாற்றுமன்று. ஒரு வீட்டார்க்கு ஓரிரவின் உறக்கம் தருமேல் அமையும். வரும் ஐப்பசி மழைக்குமுன் அதனை நீர்புகாப் பெட்டியிலிட்டுக் கரையோரத்துப் படித்துறையில் நிறுத்த எண்ணியுள்ளோம்.

இளைய மாணவ நண்பர்காள்! சொந்தக் கணினி இல்லாமை கற்றலுக்குத் தடையென்று எண்ணி ஒதுங்கற்க. எம் பலகை ஆய்வகத்துப் பேழையிலே இருக்கின்றது. அதனை எடுத்துக் கம்பியை மாட்டி உலாவியைத் திறமின். முதலில் பலகையின் சிறு விளக்கொன்று நீர் சொன்னபடி மின்னும். அங்ஙனம் மின்னக் கண்டபின், இதனால் நம் தெருவிற்கு ஆவது யாது என்று வினவுமின். அவ்வினாவிற்கு விடைதேடுமிடத்து எமக்கும் ஒரு சொல் அறிவித்தால் யாமும் உடன் இருப்போம்.